கொஞ்சம் தண்ணீர்தானே!

"கொஞ்சம் தண்ணீர்தானே குறைகிறது? ஊற்றிக்கொண்டு ஓட்டினால் போயிற்று!" என்று சொல்கிறவர்களோடு எனக்கு நெடுநாளாக ஒரு சண்டை உண்டு. திருநெல்வேலி ஜில்லாவாக இருந்து 2019ஆம் ஆண்டில் தென்காசி மாவட்டத்தில் சேர்ந்துவிட்ட எங்கள் சங்கரன்கோவிலில், கார் வைத்திருக்கும் என் நண்பர்களில் பெரும்பாலோர் இந்தக் கட்சிதான். வண்டியின் பின்பெட்டியைத் திறந்தால் இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று தண்ணீரோடு தயாராகப் படுத்திருக்கும். திருநெல்வேலிக்குப் புறப்பட்டால் பனவடலிசத்திரத்தில் டீ குடிக்க நிறுத்துவார்கள். தாங்கள் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வண்டிக்கும் ஒரு டம்ளர் வார்ப்பார்கள். வார்த்துவிட்டு, ஏதோ குறும்புக்காரப் பிள்ளையைச் சமாளித்துவிட்ட தகப்பனைப்போல் ஒரு சிரிப்பு வேறு.

அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு ஆத்திரம். பெரிய ஓட்டையாக இருந்து தரையெல்லாம் ஆறாக ஓடினால் இவர்கள் அன்றைக்கே பட்டறைக்கு ஓடியிருப்பார்கள், வண்டி பிழைத்திருக்கும். வாரத்துக்கு ஒரு விரற்கடை குறைகிற கசிவு என்பதால் அதற்கு மரியாதை இல்லை. இஞ்சினைக் கொல்லுவது பெரும்பாலும் இந்த மரியாதையற்ற கசிவுதான்.

தண்ணீர் ஊற்றும் கட்சிக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாக மலையேறிய பழைய பஸ்களில், கிளீனர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கி வருவதை நம் தகப்பனார்கள் பார்த்திருக்கிறார்கள். அம்பாஸடர் வண்டிக்காரர்கள் தண்ணீர்க் கேனில்லாமல் வெளியூர் போனதே கிடையாது. அது அந்த யந்திரத்துக்குச் சரியான ஞானம். வார்ப்பிரும்பு இஞ்சின், பித்தளையும் செம்பும் சேர்ந்த ரேடியேட்டர், கசிந்தால் ஈயம் வைத்துப் பற்றவைப்பதற்கு ஊருக்கு ஊர் ஆள். ஆனால் அம்பாஸடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. வண்டி போய்விட்டது, வாளி மட்டும் நம் புத்தியில் தங்கிவிட்டது. இப்போது நாம் ஓட்டுவது அலுமினிய ஹெட் வைத்த இஞ்சின். ரேடியேட்டரோ மெல்லிய அலுமினியக் குழல்களும் அவற்றின் இரு ஓரங்களில் கவ்வப்பட்ட பிளாஸ்டிக் தொட்டிகளும். சூடேறினால் வார்ப்பிரும்பு பொறுத்துக்கொண்ட அளவு அலுமினியம் பொறுக்காது. கோணிக்கொள்ளும். ஹெட் கோணினால் கேஸ்கட் போகும். சில பத்து ரூபாய் பெறுமான ஒரு ஹோஸ் கிளிப்பைக் கவனிக்காத குற்றத்துக்கு இஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கும் செலவு, பல பத்தாயிரங்கள்.

இன்னொன்றைச் சொன்னால் நண்பர்கள் வியப்படைகிறார்கள். கசிவில் குறைவது தண்ணீர் மட்டுமல்ல. வீட்டில் பிரஷர் குக்கர் வைத்திருக்கும் எந்தப் பெண்மணிக்கும் இது தெரியும். கார் வைத்திருக்கும் அவள் கணவனுக்குத்தான் தெரியவில்லை. குக்கரின் ரப்பர் வளையம் தளர்ந்து ஓரத்தில் ஆவி பிடுங்கிக்கொண்டால் உள்ளே தண்ணீர் இருந்தும் விசில் வருவதில்லை, பருப்பு வேகுவதில்லை. காரின் குளிர்ச்சி வட்டமும் அப்படி மூடிக் கட்டிய பாத்திரம்தான். ரேடியேட்டர் மூடியின் மேல் ஓர் எண் அச்சிட்டிருக்கும். சுமார் ஒரு பார் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தில் சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறக்குறைய 120 டிகிரி வரை தாங்கும். கூலன்ட் பாதி கலந்தால் 130க்குப் பக்கத்தில் போகும். ஊசிமுனைத் துவாரம் ஒன்று விழுந்து அழுத்தம் இறங்கிவிட்டால், தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. சித்திரை வெயிலில், ஏ.சி. ஓட, நான்கு பேரும் மூட்டைகளுமாய் மேடேறும்போது, இஞ்சினுக்குள்ளே தண்ணீர் கொதித்துக் குமிழி கட்டும். குமிழி நிற்கும் இடத்தில் உலோகத்தைத் தண்ணீர் தொடுவதில்லை. நீங்கள் ஊற்றிய டம்ளர் தண்ணீரால் இழந்த அழுத்தத்தை ஈடுகட்ட முடியுமா?

"சூடேறினால் முள் காட்டுமே!" என்பார்கள். முள்ளை நம்பி மோசம் போனவர்கள் ஏராளம். சூட்டை அளக்கும் கருவி தண்ணீருக்குள் முழுகியிருக்கும் வரைதான் நேர்மையானது. தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் அது வெறும் ஆவியிலும் காற்றிலும் நின்றுகொண்டு, எல்லாம் க்ஷேமம் என்று கடிதம் எழுதும். அபாயம் முற்றும் நேரத்தில்தான் அது பொய் சொல்லும். இப்போது வரும் சிறு கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது. ஒரு சிவப்பு விளக்கோடு சரி. அது எரிவதைக் கண்டவுடன் வண்டியை நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர்? "இதோ, மானூர் வந்துவிடும்" என்று இன்னும் எட்டு மைல் ஓட்டுகிறவர்களைத்தான் நான் அறிவேன். நிறுத்தினாலும், உடனே இறங்கி வெறுங்கையால் மூடியைத் திருகுகிற வீரர்கள் உண்டு. நூறு டிகிரிக்கு மேல் அடைபட்டுக் கிடந்த தண்ணீர் மூடி திறந்த கணத்தில் ஆவியாகச் சீறி முகத்தில் அறையும். வண்டி ஆறும் வரை அரை மணியோ முக்கால் மணியோ மரத்தடியில் உட்கார்ந்திருப்பதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

ஊற்றுகிற தண்ணீராவது நல்ல தண்ணீரா? எங்கள் கரிசல்காட்டுக் கிணற்று உப்புத் தண்ணீர். அதைக் காய்ச்சினால் பாத்திரத்தில் எப்படி வெள்ளை படிகிறதோ அப்படியே இஞ்சினின் வாய்க்கால்களிலும் படிகிறது. அத்துடன் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கலவையில் கூலன்ட் பங்கு குறைந்துகொண்டே வருகிறது. எங்கள் ஊர்த் தெய்வத்தின் திருமேனி பாதி சங்கரன், பாதி நாராயணன். கூலன்ட் கலவையும் அந்தச் சங்கரநாராயண விகிதந்தான்: பாதி சுத்திகரித்த நீர், பாதி கிளைக்கால். "எங்களூரில் பனி உறையவா போகிறது, உறையாத் திரவம் எதற்கு?" என்று ஒரு வக்கீல் நண்பர் என்னிடம் வாதாடினார். உறைவதல்ல விஷயம், வக்கீல் சார். கொதிநிலையை உயர்த்துவதும், அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சுமப்பதும் அந்தப் பாதிதான். அரிப்பு மருந்து நீர்த்துப்போனால் அலுமினியம் உள்ளிருந்து பொத்தலாகும். ஆக, கசிவுக்காக ஊற்றிய தண்ணீரே அடுத்த கசிவுக்கு விதை போடுகிறது.

இந்தக் கட்சியைவிடக் கெட்டிக்காரக் கட்சி ஒன்று உண்டு: மாற்றும் கட்சி. இவர்கள் பட்டறைக்காரர்கள். என் மைத்துனரின் கார் வாரந்தோறும் தண்ணீர் குறைகிறது என்று பக்கத்து நகரத்தில் ஒரு பெரிய பட்டறைக்குப் போயிற்று. பெயர் எதற்கு? கண்ணாடிக் கதவும் காப்பி இயந்திரமும் உள்ள இடம் என்றால் போதும். அங்கே ரேடியேட்டரை மாற்றினார்கள். மறுபடி குறைந்தது. மூடியை மாற்றினார்கள். மறுபடி குறைந்தது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் மாற்றினார்கள். பில் மட்டும் கூடியது. மட்டம் குறைவது நிற்கவில்லை. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். முதல் அத்தியாயத்தில் பிணம் கிடந்ததும், விசாரணையே இல்லாமல் சமையற்காரனைத் தூக்கில் போட்டு, இரண்டாம் அத்தியாயத்தில் இன்னொரு பிணம் விழுந்ததும் தோட்டக்காரனையும் தூக்கில் போடுகிற துப்பறியும் நாவலை ஆரணி குப்புசாமி முதலியாரோ வடுவூர் துரைசாமி ஐயங்காரோ எழுதியிருந்தால், வாசகர்கள் புத்தகத்தைத் தூக்கி எறிந்திருப்பார்கள். அதே வாசகர்களின் பேரப்பிள்ளைகள் பட்டறையில் அந்த நாவலுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள்.

பிறகு அந்தக் கார் சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறைக்கு வந்தது. பட்டறைக்காரர் ஸ்பானரைத் தொடவே இல்லை. இஞ்சினைக் கழுவித் துடைத்தார். ரிசர்வ் தொட்டியில் மட்டம் நிற்கும் இடத்தில் கோடு போட்டார். அடியில் பழைய தினத்தாளை விரித்தார். "ராத்திரி இங்கயே நிக்கட்டும் அண்ணாச்சி. காலைல ஸ்டார்ட் பண்ணாம நான் பாக்கணும்" என்றார். என் மைத்துனருக்கு இது வேலை செய்யத் தெரியாதவனின் சாக்காகப் பட்டது.

உண்மையில் அது வேலை தெரிந்தவரின் முதல் அடி. சிறு கசிவு ஒளிந்து விளையாடும். சூடான இஞ்சின்மேல் விழும் துளி தரைக்கு வருமுன் ஆவியாகிவிடும். தரையை மட்டும் பார்த்தவன் 'கசிவே இல்லை' என்பான். சில கசிவுகள் இதற்கு நேர்மாறு: இரவில் உலோகமும் ரப்பரும் சுருங்கும்போது கிளிப்பின் ஓரத்தில் நாலு சொட்டு விட்டுவிட்டு, காலையில் வண்டி சூடேறியதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். பகல் பதினொரு மணிக்குப் பட்டறையில் கொண்டுபோய்க் காட்டினால் அது உத்தமி வேஷம் போடும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதே. வழிகள் மூன்றுதாம். வெளியே தரைக்குப் போகலாம். வண்டிக்குள்ளே உட்காரும் இடத்துக்குப் போகலாம். இஞ்சினுக்குள் போய் எரிந்தோ எண்ணெயில் கலந்தோ போகலாம்.

வெளியே போவதானால் சாட்சி இருக்கும். துளி காய்ந்த இடத்தில் பச்சையாகவோ ரோஜா நிறமாகவோ வெண்மையாகவோ உப்புப்போல் பூத்திருக்கும். ஹோஸ்களின் முனை, ரேடியேட்டரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேருமிடம், மூடியின் ரப்பர், தெர்மோஸ்டாட் கூடு, வாட்டர் பம்பின் அடிவயிறு ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஏ.சி. ஓடிய காரின் அடியில் முன்பக்கம் சொட்டுகிற நிறமற்ற, வழுவழுப்பற்ற தண்ணீரைக் கண்டு பயந்து ஓடி வருகிறவர்களும் உண்டு. அது காற்றின் ஈரம், அதை விட்டுவிடலாம். உள்ளே போவதானால், முன் சீட்டுக் காலடி விரிப்பு காரணமின்றி ஈரமாகும். கண்ணாடியில் பிசுபிசுப்பான மூடுபனி படியும். இனிப்பு வாசனை வரும். நம் வெப்பத்தில் ஹீட்டரை யாரும் போடுவதில்லையே தவிர, ஹீட்டர் காயில் அங்கே இருக்கத்தான் செய்கிறது. மூன்றாவது வழிதான் பொல்லாதது. எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பால்விட்ட காப்பிபோல் நுரை, வண்டி நன்றாகச் சூடான பிறகும் புகைக்குழாயில் ஓயாத வெண்புகை, காலையில் கிளப்பிய இரண்டாவது நிமிஷமே கல்லாக விறைக்கும் மேல் ஹோஸ் — இவை கேஸ்கட் போனதன் ஜாதகம். ஒரு நீலத் திரவம் உண்டு. ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை அதன் வழியாக இழுத்தால், பெட்ரோல் வண்டியில் எரிந்த வாயு கலந்திருக்கும் பட்சத்தில் நீலம் மஞ்சளாகிவிடும். ஊகத்துக்கு வேலையே இல்லை.

கருவியும் உண்டு. சைக்கிள் பம்பைப் போன்ற ஒரு கைப் பம்பு, அதன் தலையில் ஒரு மீட்டர். இஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக அதைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு — அதற்கு மேல் அல்ல — காற்றழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் காத்திருந்தால், முள் அசையாமல் நிற்கிறதா, சரிகிறதா என்று தெரியும். சரிந்து, வெளியே துளியும் தெரிந்தால் கள்வன் அகப்பட்டான். சரிந்தும் வெளியே ஒன்றும் தெரியாவிட்டால் உள்ளே தேட வேண்டும். நிறமேற்றும் சாயத்தைக் கலந்துவிட்டு, நாலு நாள் ஓட்டியபின் புற ஊதா விளக்கடித்துப் பார்க்கும் முறையும் நல்ல முறையே.

தகரக் கூரைக்காரரிடம் இந்தக் கருவிகள் ஒன்றும் இல்லை. கண்தான் இருந்தது. காலையில் தினத்தாளில் இரண்டே இரண்டு ரோஜா நிறப் பொட்டு. அதற்கு நேர் மேலே, வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளையைச் சுற்றி அதே நிறத்தில் உப்புப் பூத்திருந்தது. அந்தத் துளை விபத்தல்ல. பம்பின் உள் ஸீல் தேய ஆரம்பித்தால் நீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வந்து செய்தி சொல்லட்டும் என்று தயாரித்தவர்களே வைப்பது. "சொல்லதுக்குன்னுதான் கம்பெனிக்காரன் இந்தத் தொளைய வச்சிருக்கான் அண்ணாச்சி. நாமதான் கேக்கல" என்றார் அவர். பம்பு மாற்றப்பட்டது. கோடு போட்ட இடத்திலேயே தண்ணீர் நின்றது.

இனிமேல்தான் என் வழக்கு. பம்பின் விலையையும் மாட்டிய கூலியையும் என் மைத்துனர் முணுமுணுக்காமல் கொடுத்தார். "கண்டுபிடித்ததற்கு" என்று பட்டறைக்காரர் முந்நூறு ரூபாய் கேட்டபோது மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பார்த்ததற்கெல்லாமா காசு?" என்றார். பெரிய பட்டறையில் வேண்டாத ரேடியேட்டருக்கு ஆயிரக்கணக்கில் அழுதவர் இவர்! அந்த ரேடியேட்டர் பளபளவென்று கண்ணுக்குத் தெரிந்தது. கையால் தட்டிப் பார்க்கலாம். ஓர் இரவின் பொறுமையும் ஒரு காலையின் கூர்மையும் கண்ணுக்குத் தெரியவில்லை.

மாற்றும் கட்சியை யார் வளர்த்தது என்று இப்போது தெரிகிறதல்லவா? தேடிய நேரத்துக்குக் கூலியில்லை, சாமான் விற்றால்தான் சோறு என்று நாம் சட்டம் செய்து வைத்திருக்கிறோம். இந்தச் சட்டத்தின் கீழ் யோக்கியன் பட்டினி கிடப்பான். சாமர்த்தியசாலி ரேடியேட்டர் மாற்றுவான். டாக்டரிடமும் நாம் இப்படித்தான். அவர் நாடி பார்த்து, "ஒன்றுமில்லை, போய் ஓய்வெடுங்கள்" என்றால் பீஸ் கொடுக்க மனம் வருவதில்லை. ஊசி போட்டால்தான் திருப்தி. எங்கள் ஊர்த் தறிகாரரிடம் போய்ப் பாருங்கள். பாவில் ஓரிழை அறுந்தால் அவர் தறியை நிறுத்துவார். அறுந்த இழை எது என்று தேடி எடுத்து முடிபோட்டுவிட்டுத்தான் மேலே நெய்வார். பாவையே மாற்றினார் என்று எவரும் கேட்டதில்லை. அந்தத் தேடலின் கூலி துணியின் விலைக்குள் அடங்கியிருக்கிறது. மோட்டார்ப் பட்டறையில் அது எதற்குள்ளும் அடங்குவதில்லை.

"கண்டுபிடிக்கும் கூலி என்று ஒன்றை ஏற்படுத்தினால், கண்டுபிடிக்காமலே வாங்குவானே!" என்று ஒருவர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. அதற்கு நிபந்தனை போடலாம்: துளியைக் காட்டு, அல்லது முள் சரிவதைக் காட்டு, அல்லது நீலம் மஞ்சளாவதைக் காட்டு, காட்டினால் கூலி, காட்டாவிட்டால் இல்லை. சாமானை மாற்றுமுன் காட்ட வேண்டும், மாற்றிய பிறகல்ல. இந்த ஒரு நிபந்தனைக்குப் பயந்தே பாதி ரேடியேட்டர்கள் தம் இடத்தில் பிழைத்துக் கிடக்கும்.

மூன்றாவது கட்சியாக மஞ்சள் தூள் கட்சி ஒன்றும் உண்டு. ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போட்டால் கசிவு அடைபடும். முட்டையின் வெள்ளைக்கருவைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கடையில் டப்பியில் விற்கும் பொடியும் திரவமும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ராத்திரி வேளை, நடுக்காடு, அடுத்த ஊர் போய்ச் சேர வேண்டும் என்றால் நானும் மஞ்சளைத்தான் போடச் சொல்வேன். ஆனால் ஓட்டை எது, ரேடியேட்டரின் மெல்லிய குழல் எது என்று மஞ்சளுக்கு வித்தியாசம் தெரியாது. எங்கள் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்கிறவர்கள் நம்பிக்கையோடு இட்டுக்கொள்ளட்டும். இஞ்சினுக்கு அப்படி ஒரு புற்றுமண் கிடையாது.

இடையில் ஒன்று. கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், இனிக்கும் விஷம். 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் இறந்தார்களே, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தில் இருந்த டைஎத்திலீன் கிளைக்கால் இதன் ஒன்றுவிட்ட சகோதரன்தான். இரண்டும் சிறுநீரகத்தைப் பிடிக்கும். உங்கள் வாசலில் பச்சையாகவோ ரோஜாவாகவோ சொட்டித் தேங்கும் அந்தக் 'கொஞ்சம் தண்ணீரை' தெருநாயும் ஆட்டுக்குட்டியும் நக்கிப் பார்க்கும். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் இதை நான் விவரிக்க வேண்டியதில்லை. மணலைப் போட்டு உறிஞ்சவிட்டு அள்ளி, தரையைக் கழுவிவிடுங்கள். ருசி பார்த்து, 'கூலன்டுதான்' என்று தீர்ப்புச் சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்துங்கள்.

"வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவன் ஒரு நாள் வண்டியைப் பட்டறையில் போட முடியுமா?" என்பது கடைசி ஆட்சேபம். குற்றாலத்தில் சாரல் காலம், ஆடித் தபசுக் கூட்டம் என்று அவருக்கு ஒவ்வொரு நாளும் காசு. ஆனால் அவர் வண்டியும் இரவில் எங்கோ நிற்கத்தானே செய்கிறது? நிற்கும் இடத்தில் ஒரு தினத்தாளை விரிக்கவும், தொட்டியில் ஒரு கோடு போடவும், காலையில் சாவியைத் திருகுமுன் ஐந்து நிமிஷம் டார்ச்சோடு குனிந்து பார்க்கவும் யாருடைய உத்தரவும் வேண்டாம். பட்டறைக்குப் போகும்போது அந்தத் தாளை மடித்துக் கையோடு எடுத்துப் போகட்டும். துளி விழுந்த இடம் முன் சக்கரத்திலிருந்து எத்தனை சாண், வலமா இடமா என்று அதன் ஓரத்திலேயே குறித்துக்கொள்ளட்டும்.